டெர்மினலில் மவுஸ் யார் கையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிள்ளைகள். இரண்டு பேர் ஹோசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். எல்லோருக்கும் லினக்ஸ் சர்வர்களோடுதான் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக அதே வேலையில் இருக்கும் என்னிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, ஏதோ ஒரு வகையில் மவுஸில் வந்து முடிகிறது. ஒரே பதிலைப் பத்து முறை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியாயிற்று. இனி இந்தப் பக்கத்தை அனுப்பலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளைப் போனில் சொல்வதைப் போலவே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அந்த ஒலிக்கு உரிய ஆங்கில எழுத்துகளை அடித்துக்கொள்ளுங்கள்.

அக்கா, விம் எடிட்டரில் நாலு வரியை மவுஸால் இழுத்து காப்பி செய்யப் பார்த்தேன். கீழே "விஷுவல்" என்று வருகிறது, காப்பி ஆகவில்லை. என்ன செய்வது?

ஷிப்டு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள். எப்போதும்போல் செலக்ட் ஆகும், காப்பியும் செய்யலாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும்.

காரணம் தெரிய வேண்டும் என்றால்: உங்கள் கண்முன் இருப்பது ஒரு ஜன்னல், ஆனால் உள்ளே இரண்டு நிரல்கள். வெளியே இருப்பது டெர்மினல், அதாவது நாம் கட்டளை அடிக்கும் ஜன்னலைக் காட்டும் நிரல். ஜினோம் டெர்மினல், புட்டி, ஐடெர்ம் எல்லாம் இந்த வகை. உள்ளே ஓடுவது விம், ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை வைத்துக்கொள்ள உதவும் டிமக்ஸ், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ஹெச்டாப் போன்றவை. மவுஸ் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். யாரும் கேட்காதவரை அது டெர்மினலுடையது. இழுத்தால் செலக்ட், இரட்டைக் கிளிக்கில் ஒரு சொல், மூன்று கிளிக்கில் ஒரு வரி. உள்ளே ஓடும் நிரல் "மவுஸை எனக்குக் கொடு" என்று கேட்டுவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து கிளிக் எல்லாம் அதற்குத்தான் போகும். நீங்கள் இழுத்தது விம்முக்குப் போனது. அது தன் வழக்கப்படி விஷுவல் என்ற தேர்வு நிலைக்கு மாறிவிட்டது. ஷிப்டு என்பது "இந்த ஒரு தடவை டெர்மினலே எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லும் விசை.

நிரல் எப்படிக் கேட்கிறது? அதைப் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், கட்டாயம் ஒருமுறை பாருங்கள். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு இந்தப் பக்கத்தின் மீதிக் கேள்விகளைக் கேட்பதே இல்லை.

காலியான டெர்மினலில் பிரிண்ட்எஃப் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் \033[?1000 எழுதி உடனே சின்ன ஹெச் ஒன்று போடுங்கள். அதே மேற்கோளுக்குள் தொடர்ந்து \033[?1006 எழுதி இன்னொரு சின்ன ஹெச். என்டர். பிறகு கேட் என்று அடித்து என்டர். இப்போது திரையில் எங்காவது கிளிக் செய்யுங்கள். <0;42;17 என்பதுபோல் எண்களும் கடைசியில் ஒரு பெரிய எம் எழுத்தும் வந்து விழும். 0 என்றால் இடது பட்டன், 42 என்பது இடமிருந்து எத்தனையாவது கட்டம், 17 மேலிருந்து எத்தனையாவது வரி. விரலை எடுத்ததும் அதே எண்கள் சின்ன எம்மோடு வரும். சக்கரத்தை மேலே சுழற்றினால் முதல் எண் 64, கீழே சுழற்றினால் 65. ஆக, நிரலுக்கு மவுஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. விசைப்பலகையில் அடிக்கும் எழுத்துகள் வரும் அதே குழாயில்தான் கிளிக்கும் எழுத்தாக மாறி வருகிறது.

1000 என்றால் அழுத்துவதும் விடுவதும் மட்டும். 1002 என்றால் அழுத்திக்கொண்டு இழுப்பதும் சேரும். 1003 கேட்டால் சும்மா நகர்த்துவதுகூட வந்துகொண்டே இருக்கும். 1006 என்பது எண்களை எந்த வடிவில் எழுதுவது என்பதைச் சொல்வது. இவை எக்ஸ்டெர்ம் வழியாகப் பரவிய வழக்கங்கள். 1984இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. பின்னால் வந்த டெர்மினல்கள் பெரும்பாலும் அதைப் பார்த்தே நடக்கின்றன. திரும்பக் கொடுக்க ஹெச்சுக்குப் பதில் சின்ன எல்.

மேக்கில் ஷிப்டு வேலை செய்யவில்லையே?

ஐடெர்மில் ஆப்ஷன் விசை. ஆப்பிளின் சொந்த டெர்மினலில் எஃப்என் விசை. அதிலேயே கமாண்டும் ஆரும் சேர்த்து அழுத்தினால் நிரல்களுக்கு மவுஸ் கொடுப்பதையே நிறுத்திவிடலாம், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். லினக்ஸிலும் விண்டோஸ் டெர்மினலிலும் புட்டியிலும் ஷிப்டுதான்.

என் லேப்டாப் விம்மில் மவுஸ் தொந்தரவு இல்லை. சர்வரில் மட்டும் ஏன்? இரண்டும் விம்தானே?

விம்மில் மவுஸ் என்ற அமைப்பு தன்னளவில் காலிதான். அதாவது மவுஸைத் தொடாது. 2016இல் விம் 8.0 வந்தபோது, சொந்த விம்ஆர்சி (விம்மின் அமைப்புக் கோப்பு) இல்லாதவர்களுக்கு என்று டீஃபால்ட்ஸ் டாட் விம் என்ற கோப்பைச் சேர்த்தார்கள். அது மவுஸை எடுத்துக்கொள்கிறது. உங்கள் லேப்டாப்பில் நீங்கள் எழுதிய விம்ஆர்சி இருக்கிறது. அதனால் அந்தக் கோப்பு படிக்கப்படவில்லை. சர்வரில் புதிதாக உண்டாக்கிய யூசருக்கு விம்ஆர்சி ஏது? அதனால் அது படிக்கப்பட்டது. 2017இல் டெபியன் லினக்ஸின் 9ஆம் பதிப்புக்கு மாறிய வாரத்தில் இந்த ஒரே புகார் எத்தனை மேஜைகளிலிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. சர்வர் முழுவதற்கும் நிறுத்திவிடலாம் என்று ஈடிசி அடைவில் உள்ள பொது விம்ஆர்சியில் எழுதுவீர்கள். பலிக்காது. பொதுக் கோப்பைப் படித்த பிறகுதான் டீஃபால்ட்ஸ் கோப்பு படிக்கப்படுகிறது. நீங்கள் எழுதியதை அது மாற்றிவிடும். பொதுக் கோப்பிலேயே லெட் ஸ்கிப்_டீஃபால்ட்ஸ்_விம் = 1 என்று முதலில் எழுதினால் அந்தக் கோப்பு படிக்கப்படாது. ஒரே ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய வீட்டு அடைவில் காலியாகவே ஒரு விம்ஆர்சி வைத்தால் போதும். இப்போதைக்கு மட்டும் என்றால் கோலன், செட் மவுஸ், சமக்குறி. அதற்குப் பின்னால் ஒன்றும் எழுதாமல் என்டர்.

விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம், 2022இல் வந்த 0.8 பதிப்பிலிருந்து மவுஸைத் தானாகவே எடுக்கிறது. ஆனால் கட்டளை வரியில் இருக்கும்போது எடுப்பதில்லை. கோலன் அடித்தால் மவுஸ் டெர்மினலிடம் வந்துவிடும். செலக்ட் செய்து காப்பி எடுத்துவிட்டு எஸ்கேப் அழுத்தினால் பழையபடி. நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

என் கருத்து இது. ஹெச்டாப், கோப்புகளைக் கையாளும் மிட்நைட் கமாண்டர் போன்றவை மவுஸை எடுப்பது சரி. அங்கே கிளிக் செய்யப் பட்டன்கள் இருக்கின்றன. தலைப்பில் கிளிக் செய்தால் அந்த வரிசைப்படி அடுக்குகிறது, பார்த்தவுடன் புரிகிறது. ஆனால் சர்வரில் விம் திறப்பவர்கள் பத்துக்கு எட்டுத் தடவை ஒரு வரியைக் காப்பி எடுக்கத்தான் திறக்கிறார்கள். அந்தக் கையை மறிக்கும் இயல்பமைப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். நானோ எடிட்டர் இதில் நல்ல பிள்ளை. செட் மவுஸ் என்று அதன் அமைப்புக் கோப்பில் எழுதாதவரை தொடாது.

ஷிப்டு பிடித்து இழுத்தால் வரி எண்களும் சேர்ந்து வருகின்றன. இரண்டாகப் பிரித்த ஜன்னலில் பக்கத்துப் பாதியும் வருகிறது.

டெர்மினலுக்கு வரி எண், பிரிவுக்கோடு எதுவும் தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாமே கட்டங்களில் இருக்கும் எழுத்துகள். எண்களுக்கு: கோலன் செட் நோநம்பர். பிரித்த ஜன்னலுக்கு: ஜினோம் டெர்மினலில் கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் செவ்வகமாக செலக்ட் ஆகும்.

டிமக்ஸுக்குள் சக்கரத்தைச் சுழற்றினால் மேலே போகாமல் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஏதாவது கெட்டுப்போய்விட்டதா?

ஒன்றும் கெடவில்லை. ஆனால் கையை என்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நேற்று அடித்த ஏதோ ஒரு அழிக்கும் கட்டளை அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.

டிமக்ஸ் இயல்பாக மவுஸைக் கேட்பதில்லை. ஆனால் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும் நிரல்கள் மாற்றுத் திரை என்ற இன்னொரு பக்கத்தில்தான் ஓடும். அந்தப் பக்கத்துக்கு மேலே உருட்டிப் பார்க்கப் பழைய வரிகள் கிடையாது. அதனால் பல டெர்மினல்கள் ஓர் உபகாரம் செய்கின்றன: மாற்றுத் திரையில் யாரும் மவுஸ் கேட்காதபோது, சக்கரத்தை மேல் அம்பு, கீழ் அம்பு விசைகளாக மாற்றி உள்ளே அனுப்புகின்றன. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸில் ஒரு பெரிய லாக் கோப்பைத் திறந்து சக்கரம் சுழற்றினால் நகர்கிறதே, அது இந்த உபகாரம்தான். லெஸ் மவுஸைக் கேட்கவே இல்லை. ஆனால் டிமக்ஸுக்குள் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஓடும்போது அந்த அம்புகள் பேஷுக்குப் போகின்றன. பேஷில் மேல் அம்பு என்றால் முந்தைய கட்டளை.

தீர்வு: டிமக்ஸ் அமைப்புக் கோப்பில் செட் மைனஸ் ஜி மவுஸ் ஆன். 2015இல் வந்த 2.1 பதிப்புக்கு முன் இதற்கே மூன்று நான்கு தனித்தனி அமைப்புகள் இருந்தன. பழைய வலைப்பக்கங்களில் அவற்றைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஆன் செய்த பிறகு இழுத்தால் டிமக்ஸ் தன் சொந்தத் தாங்கியில் காப்பி எடுக்கும். லேப்டாப்பின் காப்பி வேண்டும் என்றால், மறுபடியும் ஷிப்டு.

கிட் லாக் (நிரலில் செய்த மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் கட்டளை) மட்டும் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். கிட், லெஸ்ஸை அழைக்கும்போது மாற்றுத் திரைக்குப் போகாதே என்ற எக்ஸ் அமைப்பையும் சேர்த்துக் கொடுக்கிறது. அதனால் சக்கரம் டெர்மினலின் பழைய வரிகளை உருட்டுகிறது.

அலுவலகத்தில் பெரிய அகல மானிட்டர் கொடுத்தார்கள். வலது ஓரத்தில் கிளிக் செய்தால் மட்டும் வேலை செய்யவில்லை.

223ஆவது கட்டத்துக்கு அப்பால்தானே? பழைய முறையில் கிளிக் செய்த இடத்தை ஒரே பைட்டில் அனுப்புவார்கள், அதுவும் எண்ணோடு 32 கூட்டி. ஒரு பைட்டின் உச்சம் 255. அதில் 32 போனால் 223. மேலே பார்த்த 1006 முறையில் எண்களை எண்களாகவே எழுதுவதால் இந்த எல்லை இல்லை. விம்மில் கோலன் செட் டிடிஒய்மவுஸ், சமக்குறி, எஸ்ஜிஆர்.

ராத்திரி சர்வரோடு இருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்துபோனது. அதிலிருந்து மவுஸைத் தொட்டாலே திரையில் எண்களாகக் கொட்டுகிறது! ஹேக் ஆகிவிட்டதா அக்கா?

மாரத்தஹள்ளி பி.ஜி. விடுதி ஒன்றிலிருந்து இரவு ஒன்றரை மணிக்கு வந்த கேள்வி இது. அந்தப் பிள்ளையின் குரலில் இருந்த நடுக்கத்தை மறக்க முடியாது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்: ஹேக் இல்லை. யாரும் உள்ளே வரவில்லை.

நடந்தது இதுதான். அங்கே ஓடிய விம்மோ டிமக்ஸோ உங்கள் டெர்மினலிடம் மவுஸைக் கேட்டு வாங்கியது. ஒழுங்காக மூடியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். இணைப்பு நடுவில் அறுந்ததால் திருப்பித் தரும் செய்தி வந்து சேரவில்லை. உங்கள் டெர்மினல் பாவம், இன்னும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணாக அனுப்புகிறது. இப்போது அதை வாங்குவது உங்கள் லேப்டாப்பின் பேஷ். அதற்கு இது புரியாததால் 0;42;17 என்று எழுத்தாகப் போடுகிறது. முதல் எண் 35 என்று இருந்தால், பட்டன் எதையும் அழுத்தாமல் நகர்த்தியது என்று அர்த்தம். அந்த நிலையில் என்டர் அழுத்தினால், அரைப்புள்ளி பேஷுக்குக் கட்டளைகளைப் பிரிக்கும் குறி என்பதால், 42 என்றொரு கட்டளை இல்லை, 17எம் என்றொரு கட்டளை இல்லை என்று வரிசையாகத் திட்டும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை பயந்தது.

மவுஸிலிருந்து கையை எடுங்கள். கண்ட்ரோல் யூ அழுத்தி வரியைத் துடையுங்கள். ரீசெட் என்று அடித்து என்டர். இதிலேயே பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் முதலில் சொன்ன பிரிண்ட்எஃப் கட்டளையில் 1000, 1002, 1003, 1006 நான்கையும் சின்ன எல் போட்டு அனுப்புங்கள்.

புட்டியில் வலது கிளிக் செய்தால் மெனு வருவதில்லையே, எதையோ ஒட்டிவிடுகிறது?

புட்டியின் இயல்பு அது. இழுத்தாலே காப்பி, வலது கிளிக் செய்தாலே பேஸ்ட். விண்டோஸ் டெர்மினலிலும் வலது கிளிக் பேஸ்ட்தான். இதை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக எடுக்காதீர்கள்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், ஒரு மின்னஞ்சலில் இருந்த பன்னிரண்டு வரிகளைச் சோதனை சர்வருக்காகக் காப்பி எடுத்திருந்தேன். பக்கத்து ஜன்னலில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, திறந்திருந்தது நிஜ சர்வர். மெனு வரும் என்று நினைத்து வலது கிளிக் செய்தேன். பன்னிரண்டு வரிகளும் ஒவ்வொன்றாக ஓடின. நாலாவது வரி ஒரு சேவையை நிறுத்தும் வரி. அதை மறுபடி கிளப்பக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரம் என் கை வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. பேஸ்ட் செய்த எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் டெர்மினல் ஓர் அடையாளம் வைக்கும். 2020இல் வந்த பேஷ் 5.1 அதை இயல்பாகவே மதிக்கிறது: பேஸ்ட் செய்தவை வரியில் நிற்கும், நீங்கள் என்டர் அழுத்தினால்தான் ஓடும். ஆனால் உங்கள் நிறுவனத்தில் பழைய சர்வர்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். புட்டி அமைப்புகளில் செலக்ஷன் பகுதிக்குப் போய், வலது கிளிக்குக்கு மெனு வரும் விண்டோஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

சர்வர் விம்மில் யாங்க் செய்தது (காப்பி எடுத்தது) ஏன் என் லேப்டாப்பில் பேஸ்ட் ஆவதில்லை?

அது சர்வரின் நினைவகத்தில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர ஓஎஸ்சி 52 என்று ஒரு வழி உண்டு. நிரல் தன் காப்பியை டெர்மினலிடம் அனுப்பி, அதன் வழியாக உங்கள் கிளிப்போர்டில் வைக்கும். எல்லா டெர்மினலும் அனுமதிப்பதில்லை, ஐடெர்மில் நீங்களே அனுமதி தர வேண்டும். சின்னத் துண்டுகளுக்கு ஷிப்டு போதும்.

தமிழ்க் கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் கிளிக் செய்தால் கர்சர் வேறெங்கோ போய் நிற்கிறது. என் மவுஸில் கோளாறா?

உங்கள் மவுஸில் கோளாறு இல்லை. இது நம் எழுத்துக்கு நடக்கும் அநியாயம். ஆங்கிலத்தில் வேலை செய்பவர்கள் யாரும் இதைப் பார்க்கவே மாட்டார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கிளிக் கட்ட எண்ணாகத்தான் போகிறது என்று பார்த்தோம். அப்படியென்றால் ஒரு வரியில் எந்த எழுத்து எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்பதில் டெர்மினலும் விம்மும் ஒத்துப்போக வேண்டும். தமிழில் அவை ஒத்துப்போவதில்லை. விம், உயிர்க்குறி எல்லாவற்றையும் முன்னால் உள்ள மெய்யோடு சேர்த்து ஒரே கட்டமாக எண்ணுகிறது. ஜினோம் டெர்மினல், எக்ஸ்டெர்ம் போன்றவை யூனிகோட் தந்திருக்கும் வகைப்பாட்டைப் பார்க்கின்றன. அதில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் அடைக்காதவை; மற்றக் குறிகள் இடம் அடைப்பவை. அதனால் கீ ஒரு கட்டம், கி இரண்டு கட்டம். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று படித்துவந்த நமக்கு இது தலைகீழ்.

"சிறுகதை எழுதினேன்" என்ற வரியை எடுங்கள். சிறுகதை என்பது விம்முக்கு நான்கு கட்டம். டெர்மினலுக்கு ஏழு, ஏனென்றால் சி, று, தை மூன்றின் குறிகளும் தனித்தனிக் கட்டம். இடைவெளிக்கு ஒன்று. ஆக, டெர்மினலின் கணக்கில் "எ" ஒன்பதாவது கட்டம், விம்மின் கணக்கில் ஆறாவது. நீங்கள் "எ" மேல் கிளிக் செய்கிறீர்கள், டெர்மினல் 9 என்று அனுப்புகிறது, விம் தன் ஒன்பதாவது கட்டத்தைத் தேடி "னே" மேல் கர்சரை வைக்கிறது. இரண்டு சொல்லிலேயே மூன்று கட்டம் தவறு. நீளமான வரியில் வலப்பக்கம் போகப் போக இது வளர்ந்துகொண்டே போகும். "நீர்" என்ற சொல் மட்டும் இருக்கும் வரியில் எல்லாம் சரியாக நடக்கும். அதில் இருப்பவை ஈகாரமும் புள்ளியும் மட்டும்தான். சந்தேகம் இருந்தால் இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

தனி ஜன்னலில் ஓடும் ஜிவிம்மில் எண்ணுவதும் வரைவதும் ஒரே நிரல் என்பதால் கிளிக் சரியான இடத்தில் விழும், எழுத்துகள் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு தெரியலாம். டெர்மினலுக்குள்தான் வேலை என்றால் தமிழ்க் கோப்பில் நான் மவுஸைத் தொடுவதில்லை. சாய்கோடு அடித்து, போக வேண்டிய சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்து, என்டர். கர்சர் நேராக அந்தச் சொல்லில் போய் நிற்கும்.